கிளைம் ஆகாத கப்பல்

எங்கள் கீழத்தருவை உப்பளத்தில் முதல் கப்பல் வந்து இறங்கியது ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி வாக்கில். பெண்கள் மூன்றாவது நடை உப்பைத் தட்டுமேட்டில் கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு வரப்பில் திரும்பிக்கொண்டிருந்த நேரம், அது புகையில்லாமல் சத்தமில்லாமல், தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல மெதுவாக, எட்டாம் நம்பர் பாத்தியில் உட்கார்ந்தது. மூன்று பஸ் நீளம், சாம்பல் நிறம், ஒரு பக்க இறக்கை மடங்கிக் கிடந்தது. பெண்கள் நின்றார்கள், பார்த்தார்கள், பெட்டியை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தார்கள், பிறகு அவர்களில் மூத்தவளான பேச்சிக்கனி சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "ஏட்டி, நிழலு!"

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்கு இது புரியாது. அறுநூறு ஏக்கரில் ஒரு மரம் கிடையாது, ஒரு செடி கிடையாது, உப்பு எதையும் விடாது. காலையில் அவரவர் நிழல் அவரவருக்கு உண்டு, உச்சி வெயிலில் அதுவும் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். முப்பது வருடமாக அந்த வெயிலில் குத்தவைத்துச் சோறு தின்ற பெண்கள் அன்று இறக்கைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முதலாளி காரில் வந்து இறங்கி, யாரைக் கேட்டு இதை இங்கே வைத்தீர்கள் என்று கத்துவதற்குள் கப்பலின் காலில் யாரோ தொட்டில் கட்டி, பிள்ளையும் தூங்கியிருந்தது.

அந்த வாரத்துக்குள் பதினொரு கப்பல்கள் வந்துவிட்டன. ஏன் எங்கள் ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ஊர்க் குப்பையா, ஆலைச் சாம்பலா, எதைக் கொட்டுவதென்றாலும் எங்கள் பக்கம்தான் கொட்டுவார்கள், வானத்துக்கு மட்டும் வேறு புத்தி எங்கிருந்து வரும்?

அவை என்ன கப்பல்கள் என்று ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான் சேர்மக்கனி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நெட் சென்டர் வைத்திருக்கிறேன், நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஆதார் திருத்தத்திலிருந்து நலவாரிய விண்ணப்பம் வரை என் விரல் படாத காகிதம் ஊரில் இல்லை. அந்தக் கப்பல்கள் எல்லாம் ஆன்லைனில் ஆடுகிற ஒரு விண்வெளி விளையாட்டைச் சேர்ந்தவை. உலகமெங்கும் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்தபடி கப்பல் ஓட்டி நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் சரக்கு ஏற்றுவார்கள். சில நேரம் ஒரு கப்பல் நடுவழியில் மாட்டிக்கொள்ளும், பறக்காது, உடையவும் உடையாது, சொந்தக்காரன் ஏறவும் முடியாது. அதற்குத்தான் அந்த விளையாட்டிலேயே இன்சூரன்ஸ் இருக்கிறது. கிளைம் என்ற பொத்தானை அமுக்கிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் பழைய கப்பல் அழிந்துபோய், அதே போல் புதிது ஒன்று துறைமுகத்துக்கு வந்துவிடும். கிளைம் பண்ணும்வரை அந்தப் பழைய கப்பல் எங்கே கிடக்கிறது என்று எவனுக்கும் தெரிந்ததில்லை. எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஊர் அவற்றைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. கிராம நிர்வாக அலுவலர் வந்து அளந்து, "தற்காலிகக் கொட்டகை, பதினொன்று" என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டு கட்சிக்காரர்களும் பெரிய கப்பலின் வயிற்றில் யார் சுவர் விளம்பரம் எழுதுவது என்று அடித்துக்கொண்டார்கள். மீன்காரிகள் இறக்கையின் மேல் நெத்திலி காயப்போட்டார்கள், சர்ச்சிலிருந்து ஃபாதர் வந்து தண்ணீர் தெளித்தார், அம்மன் கொடைக்கு ஒரு கப்பலில் சீரியல் பல்பு கட்டினார்கள், கல்யாண மாப்பிள்ளைகள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், உப்புக் காற்று எல்லாவற்றின் மேலும் வெள்ளை பூசியது.

கெடுத்தது நான்தான். முதல் கப்பலின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயரைத் தேடி, அதன் சொந்தக்காரர் நார்வேயில் ஒரு பல் டாக்டர் என்று கண்டுபிடித்து, ஐயா உங்கள் கப்பல் எங்கள் ஊரில் பத்திரமாக இருக்கிறது என்று பெருமையாக எழுதிப் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, அட, இதை மறந்தே போனேனே என்று கிளைமை அமுக்கிவிட்டார். மறுநாள் மதியம் பெண்கள் சோற்றில் கை வைத்திருக்கும்போது விளக்கு அணைவது போல் கப்பல் இல்லாமல் போய், வெயில் நேராகச் சட்டிக்குள் விழுந்தது. அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து அவர்கள் திட்டிய திட்டை நான் எழுத முடியாது. நான் வாயைத் தைத்துக்கொண்டேன், ஆனாலும் மற்ற சொந்தக்காரர்களுக்குத் தாமாகவே ஞாபகம் வந்துகொண்டிருந்தது. வாரம் ஒன்று, இரண்டு என்று போயின. "அங்கன எவனோ பொத்தான அமுக்குதான், இங்கன எங்க மண்ட காயுது," என்றாள் பேச்சிக்கனி.

ஆடி பிறந்தபோது ஒரே ஒரு கப்பல்தான் மிச்சம். அதற்குப் பொத்தானை அமுக்க ஆள் இல்லை. அதன் பக்கவாட்டில் மட்டும் தமிழில் எழுதியிருந்தது, லாரிக்கும் தோணிக்கும் எழுதுவது போலச் சிவப்பும் மஞ்சளுமாக: தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பம் என்பது பதினான்காம் நம்பர் பாத்தியில் உப்பு வாருகிறவளின் பெயர். கப்பல் அவள் மகன் ஜெபர்சனுடையது. அப்பா முகம் தெரியாமல் வளர்ந்தவன், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தவன், அலைகிற நேரம் போக மிச்ச நேரம் என் கடையின் நாலாம் நம்பர் மெஷினில் அந்த விளையாட்டை ஆடுவான். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எங்கெங்கோ இருக்கிறவர்களோடு பேசுவான், சிரிப்பான், எனக்குக் கூட்டம் என்றால் எழுந்து வந்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பான். மாசி மாதம் ஒரு நாள், அம்மா போன் பண்ணினாள். உப்புத் தண்ணீரில் வெடித்த காலில் புண் பெரிதாகிவிட்டது, நடக்க முடியவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு வா மக்கா என்று. அவன் கப்பலை அப்படியே வானத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போனான். உப்பளத்து ரோட்டின் வளைவில் லாரி அடித்தது. தங்கபுஷ்பம் தட்டுமேட்டில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, அந்தப் பயலை வைதுகொண்டே புண்காலோடு நடந்து வந்து, வளைவில் கூட்டத்தைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவள் அழவில்லை. அவன் செத்தான் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போயிட்டான் என்பாள், அவ்வளவுதான், கடைக்குப் போயிருப்பவனைச் சொல்வது போல. போன் பண்ணினது நான்தானே என்று மட்டும் என்னிடம் ஒருமுறை கேட்டாள்.

மகனுடைய கப்பல் வந்து இறங்கிய அன்றே அவள் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டாள். ஓட்டுகிற இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் குரல் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தக் காலி இருக்கையிலிருந்து, சிரிப்பும் அவசரமுமாக, ஜெபர்சன் பேசினான்: "நிறோ, ரெண்டு நிமிசம் இரு. அம்மைக்குக் கால் முடியலையாம். கூட்டிட்டு வந்துருதேன்."

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் தங்கபுஷ்பம் தூக்குச்சட்டியோடு கப்பலுக்குள் ஏறி, இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மகன் தன்னைக் கூப்பிட வருவதாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். மூன்று தடவை கேட்பாள், சில நாள் நாலு. மற்றப் பெண்கள் கீழே நிழலில் உட்கார்ந்து, அவளுக்காகத் தங்கள் பேச்சைத் தணித்துக்கொள்வார்கள். நீயும் அவன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசேன் என்று பேச்சிக்கனி கேட்டதற்கு, கேட்கத்தானே போகிறேன், பேசுவதற்கு எனக்கு என்ன முகம் இருக்கிறது என்றாள்.

இடையில் முதலாளி கப்பலை வெட்டி இரும்புக்குப் போடுகிறேன் என்று வெல்டிங் ஆட்களைக் கூட்டி வந்தார். நாற்பது பெண்கள் உப்பு வாருகிற பலகையோடு குறுக்கே நின்றார்கள். நான் தங்கபுஷ்பத்தைத் தாலுகா ஆபீசுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தேன். தாசில்தார் இரண்டு தடவை படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், சொத்து விவரம் என்ற இடத்தில் "ஆகாயக் கப்பல், ஒன்று, பயன்படுத்த இயலாத நிலையில்" என்று தன் கையாலேயே எழுதிச் சீல் வைத்தார். முதலாளி அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சீல் வைத்த காகிதத்துக்கு எங்கள் ஊரில் எல்லாரும் பயப்படுவோம்.

கப்பலின் பின்பக்கத்தில் ஒரு கட்டில் இருந்தது. அதில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். விண்வெளிக்குப் போகிற உடுப்பு, மார்பின் மேல் மடித்த கை, மூச்சு மட்டும் ஏறி இறங்கும். உலுக்கினாலும் எழுந்திருக்க மாட்டாள். பெண்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, இவள் ஜெபர்சன் யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொண்ட பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டார்கள், அதற்கு மேல் அவர்களிடம் யார் என்ன சொன்னாலும் ஏறாது. ஆடியில் தாலிக் கயிறு மாற்றுகிற அன்று அவளுக்கும் மஞ்சள் கயிறு ஒன்றைத் தலைமாட்டில் வைத்தார்கள். தங்கபுஷ்பம் தினமும் ஈரத் துணியால் அவள் முகத்தில் படிந்த உப்பைத் துடைத்துவிட்டு, தலையில் ஒரு கண்ணி பிச்சிப்பூ வைத்துவிட்டு வருவாள்.

அவள் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு மாதம் சொல்லாமல் இருந்தேன். நாலாம் நம்பர் மெஷினில் ஜெபர்சனின் கணக்கு திறந்தபடியே இருந்தது, அணைக்க எனக்கு மனசு வரவில்லை. அதில் செய்தி வந்துகொண்டே இருந்தது. ரெண்டு நிமிசம் எண்டு சொன்னனீர், எங்க போட்டீர்? ஏதும் கோவமோ? நான் ஏதும் பிழையாக் கதைச்சனானோ? எழுதியவள் பெயர் நிறோஜினி, இலங்கையில் வவுனியாவில் இருக்கிறாள், கட்டிலில் தூங்குவது அந்த விளையாட்டில் அவள் ஆடுகிற உருவம். ஒவ்வொரு செய்தியையும் படித்துவிட்டு, நாளைக்குப் பதில் எழுதுவோம் என்று கடையைச் சாத்துவேன். ஒரு சாவைத் தட்டச்சுப் பண்ண என் விரலுக்குத் தைரியமில்லை.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் தங்கபுஷ்பம் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, அந்தப் பிள்ளையோட அம்மை இவளத் தேடிட்டு இருப்பாள்லா? எந்த ஊருன்னு பாத்துச் சொல்லுதீயளா?" என்று கேட்டாள். எனக்கு மேற்கொண்டு மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். போனைப் போட்டுக் குடுங்க என்றாள்.

"வணக்கம் அம்மா. ஜெபர்சன் நிக்கிறாரோ? கோவமோ எண்டு ஒருக்காக் கேக்கத்தான்," என்றது அந்தக் குரல்.

"அவன் கோவிக்கல மக்கா," என்றாள் தங்கபுஷ்பம். பிறகு என் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவன் செத்துப்போயிட்டான். என்னக் கூப்பிட வரும்போது செத்துப்போயிட்டான்."

ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. அந்தப் பக்கம் நெடுநேரம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் தங்கபுஷ்பம், அழாத மக்கா, அழாத மக்கா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அழுகை தணிந்த பிறகு, நீ ஏன் மக்கா எழுந்திருக்க மாட்டேங்கிற என்று கேட்டாள்.

"என்ர ஆள் அவற்ற கப்பலுக்குள்ள படுத்தவ அம்மா. கப்பல் நிண்டிட்டுது, எழும்பேலாது. பரவாயில்லை."

வேறு ஒரு ஆளைப் புதிதாகப் பண்ணிக்கொள்ளலாமே என்று நான் குறுக்கே பேசினேன்.

"அது நானில்லையே அண்ணா," என்றாள் நிறோஜினி. "எனக்கு ஆறு வயசில ஷெல் விழுந்தது. இடுப்புக்குக் கீழ ஒண்டும் ஏலாது. அந்த ஆளோடதான் நான் நடந்து பழகினனான். ஜெபர்சன் ஒருநாள் உறைஞ்ச கடல் ஒண்டில என்னை இறக்கிவிட்டவர். நான் ரெண்டு மணித்தியாலம் சும்மா நடந்தனான். அவ்வளவு நேரமும் அவர் கப்பலை வச்சுக்கொண்டு காத்துக்கொண்டு நிண்டவர். ஒரு சொல் கேக்கேல்லை."

தங்கபுஷ்பம் போனை என்னிடம் தந்தாள். அந்தப் பிள்ளையை எழுப்ப என்ன பண்ண வேண்டும் என்று கேட்டாள். கிளைம் பண்ண வேண்டும் என்றேன். கிளைம் பண்ணினால் கப்பல் போய்விடும், புதிய கப்பலில் பிள்ளை எழுந்துவிடுவாள், ஆனால் புதிய கப்பலில் அந்தக் குரல் இருக்காது என்பதையும் சொன்னேன். அந்த ஒன்றைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் கப்பலுக்குள் ஏறாமல் கீழே பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். நாற்பது பேரும் தலைக்கு மேல் இருந்த இறக்கையை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருத்தி, மழை விழுந்து வேலை நிற்கிறவரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று ஆரம்பித்தாள். பேச்சிக்கனி அவளைக் கையமர்த்திவிட்டுச் சொன்னாள்: "புஷ்பம், எங்க நிழலப் பாக்காத. வெயிலுல தின்னா சோறு எறங்காதா? ஆனா அவன் குரலு போச்சுன்னா போச்சு. நீ தாங்குவியா, அத மட்டும் யோசி."

"தாங்க மாட்டேன்," என்றாள் தங்கபுஷ்பம். சொல்லிவிட்டு எழுந்து என் கடைக்கு நடந்து வந்தாள்.

வாரிசுச் சான்றிதழை முந்தானையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அது தேவையில்லை என்றேன். இருக்கட்டும் என்று விசைப்பலகைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். நான் நாலாம் நம்பர் மெஷினில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். காரணம் என்ன என்று கேட்டது, மூன்று காரணம் கொடுத்திருந்தது. நான் தமிழில் படித்தேன்: மோதி அழிந்தது, திருட்டுப் போனது, பயன்படுத்த முடியாத நிலை.

"மோதுனதுன்னு போடாதீய," என்றாள்.

"சரிக்கா."

"களவு போச்சுன்னு போட்டா, யாரு களவாண்டான்னு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

அவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள். "அவங்க கேக்கலன்னா அதப் போட்டு என்ன பிரயோசனம்? மூணாவதே இருக்கட்டும்," என்று சொல்லி, எந்த இடம் என்று என்னைக் கேட்டு, உப்பில் வெடித்த தன் விரலால் தானே அமுக்கினாள். நாற்பத்திரண்டு நிமிடம் ஆகும் என்று திரை சொன்னது.

"அங்கன கொண்டுபோய் விடுதீயளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். மகன் போனதிலிருந்து அவள் யார் வண்டியிலும் ஏறியதில்லை. அன்று என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வளைவு வந்தபோது என் சட்டையைப் பிடித்த பிடி இறுகியது, தாண்டிய பிறகும் விடவில்லை. நான் மெதுவாக ஓட்டினேன், ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து வைதுவிட்டுப் போனான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் தொட்டிலை அவிழ்த்து, சட்டிகளை எடுத்துக்கொண்டு, நிழலை விட்டு வெளியே வந்து வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. தங்கபுஷ்பம் ஏறினாள், நான் வாசற்படியில் நின்றேன். அவள் முதலில் பின்னால் போய்த் தூங்குகிற பெண்ணின் முகத்தைத் துடைத்தாள், வாடின பூவை எடுத்தாள், மஞ்சள் கயிற்றைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். போய் நட மக்கா என்றாள். பிறகு முன்னால் வந்து வழக்கமான இடத்தில், காலி இருக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

குரல் வந்தது. நிறோ, ரெண்டு நிமிசம் இரு. அம்மைக்குக் கால் முடியலையாம். கூட்டிட்டு வந்துருதேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பத்து நிமிடம் கழித்து மறுபடி வந்தது, அப்போதும் பேசாமல் கேட்டாள். என் கைபேசியில் நிமிடம் குறைந்துகொண்டிருந்தது, ஐந்து, நாலு, மூன்று. இன்னொரு தடவை வருமா அதற்குள் நேரம் முடிந்துவிடுமா என்று கைபேசியையும் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தேன். வந்தது. அம்மைக்குக் கால் முடியலையாம், கூட்டிட்டு வந்துருதேன் என்று முடிந்தவுடனே, தங்கபுஷ்பம் அந்த இருக்கையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வராதல மக்கா. கால் வலி விட்டுட்டு. நீ வண்டிய எடுக்காத, அங்கனயே இரு. நான் மெல்ல நடந்து வந்துருதேன்."

அவன் பதில் சொல்வான் என்று நானும் காதைக் கொடுத்தேன். வெளியே நாற்பது பெண்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு என் காலுக்கடியில் படி இல்லை, நான் உப்பில் நின்றேன். அவள் வெறும் பாத்தியின் நடுவில், ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்தபடி இருந்த கைகளோடு, முழு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அழுதாள். ஆறு மாதத்து அழுகை, வாயில் முந்தானையை வைக்காமல், மகன் பெயரைச் சொல்லி, உப்பளம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். பேச்சிக்கனி வந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள், மற்றவர்கள் சுற்றி நின்று தங்கள் சேலைத் தலைப்பை விரித்து அவள் மேல் வெயில் விழாமல் பிடித்தார்கள். என் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. நிறோஜினியாகத்தான் இருக்கும். நான் எடுக்கவில்லை.

அழுது முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வெயில் சாய்ந்து பெண்கள் பெட்டியைத் தூக்கிக் கிளம்பினார்கள். நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணித் தட்டுமேட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறுங்கக்கா, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றேன்.

தங்கபுஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டு, சேலையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். "இல்ல அண்ணாச்சி, நீங்க போங்க," என்றாள். "நடந்து வாரேன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்லா."